பின்வரிசைக்குப் போனவர்கள்

உட்காருங்கள் தம்பி. ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கும், பரவாயில்லையா? காதில் செருகியிருந்ததை எடுத்துவிட்டீர்கள், அதுவே பெரிய மரியாதை. எங்கே போய்விட்டு வருகிறேன் என்றுதானே கேட்டீர்கள். ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். சொன்னால் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். எனக்கு நடந்த அநியாயங்களை முதலிலிருந்து சொன்னால்தான் இன்று காலை நடந்தது விளங்கும். வருஷத்தை முன்னே பின்னே மாற்ற மாட்டேன். குற்றப்பத்திரிகை எழுதிப் பழகிய கை இது.

முதலாவது, எழுபத்தெட்டில். மில் கக்கூஸ் சுவரில் போஸ்டர் ஒட்டினேன் என்று வேலையை விட்டு நீக்கினார்கள். ஒட்டியது நான்தான். ஆனால் பார்த்ததாகச் சாட்சி சொன்னவன் பார்க்கவில்லை. ஒன்பது மாதம் கழித்துத் திரும்ப எடுத்தார்கள்.

இரண்டாவது, எண்பதில். இரண்டாயிரம் துண்டுப் பிரசுரத்தைப் போலீஸ் பிடுங்கிக்கொண்டது. முழுக்க நான் எழுதியது. ஸ்டேஷனில் அதில் வடை மடித்துத் தின்றார்கள். நான் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாவது, எண்பத்திரண்டில். சங்கத்துக்கு மைக் செட் வாங்கினேன். வாங்கிய மாதமே தறி ஷெட் ஆட்கள் முன்வரிசையை விட்டுப் பின்வரிசைக்குப் போனார்கள். இது என்ன பெரிய அநியாயம் என்று நினைக்கிறீர்கள். இருக்கட்டும், பிறகு வருகிறேன்.

நான்காவது, எண்பத்து நான்கில். ஆறுச்சாமி.

ஐந்தாவது, தொண்ணூற்றொன்றில். என்னைப் பொதுச்செயலாளர் பதவியிலிருந்து இறக்கி 'ஆலோசகர்' ஆக்கினார்கள். இன்றைய தேதி வரைக்கும் யாரும் ஆலோசனை கேட்கவில்லை.

ஆறாவது, இரண்டாயிரத்து மூன்றில் மில்லை மூடினார்கள். நான் வாயிற்கூட்டம் போட்ட இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். நான் நின்று பேசின இடத்தில் கரும்பு ஜூஸ் மிஷின் வைத்திருக்கிறான்.

ஏழாவது, போன மாதம். என்னைக் கேட்காமல் ஆறுச்சாமியைச் சங்கத்துக்குக் கூப்பிட்டார்கள்.

அவ்வளவுதான் பட்டியல். சத்தமாகப் பேசுகிறேனா? முன் சீட்டம்மா திரும்பிப் பார்க்கிறது. பழக்கம் தம்பி. நான் பஞ்சு குடோனில் வேலை பார்த்தவன். பஞ்சுப் பொதிகளுக்கு நடுவில் நின்று பேசினால் பேச்சு எதிரே நிற்பவனுக்குக்கூடப் போய்ச் சேராது, பஞ்சே குடித்துவிடும். அங்கே இருந்து பேசிப் பேசித்தான் எனக்கு இந்தக் குரல் வந்தது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. மீதியெல்லாம் துண்டுப் பிரசுரத்தில் படித்ததுதான். மனுஷன் மனுஷனுக்கு ஒரு சேதியைச் சொல்ல எத்தனை வழி உண்டோ அத்தனையும் எனக்குத் தெரியும். பிரசுரம் என்றால் வாக்கியம் பத்து வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. சுவரில் எழுதினால் சைக்கிளில் போகிறவன் இறங்காமல் படிக்க வேண்டும். தட்டி என்றால் நாலே வார்த்தை. வாயிற்கூட்டம் என்றால் சங்கு ஊதி ஷிஃப்ட் விட்டு, ஆட்கள் வீட்டுக்குத் திரும்பும் அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தறி ஷெட் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே இருநூறு தறி ஒன்றாக ஓடும். பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் அவர்கள் கையாலும் உதட்டாலும்தான் பேசுவார்கள். நெற்றியில் விரலை மேல்நோக்கி இழுத்தால் நாமம் போட்ட சூப்பர்வைசர் வருகிறார் என்று அர்த்தம். வயிற்றில் இரண்டு தட்டு தட்டினால் சாப்பாட்டு மணி. இந்தக் கோடியில் ஒருத்தன் பொண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்ததென்றால் அடுத்த கோடிக்குச் சேதி போக ஒரு நிமிஷம் ஆகாது. வெளியே வந்தபிறகும் அந்தப் பழக்கம் விடாது. டீக்கடையில் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பிடிக்காது. வாய் இருக்கும்போது கை எதற்கு? நான் கற்றுக்கொள்ளவில்லை. அவசியப்படவில்லை.

ஆனால் என் கூட்டம் என்றால் அவர்கள்தான் முன்வரிசை. அப்போது மைக் இல்லை. நான் ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நிற்பேன். முப்பது நாற்பது பேர் என் காலடியில் வந்து நின்று, இமை கொட்டாமல் என் முகத்தையே பார்ப்பார்கள். நடுவில் ஆறுச்சாமி. நூல் நூற்கிற ஸ்பின்னிங் ஆட்கள் அங்கே இங்கே வேடிக்கை பார்ப்பார்கள், பீடி பற்றவைப்பார்கள். தறிக்காரர்கள் அசைய மாட்டார்கள். ஒரு பேச்சாளனுக்கு அதைவிட என்ன வேண்டும்? இவர்கள் எனக்காக உயிரைக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன்.

அப்புறம் மைக் வந்தது. இரும்புக் கூண்டு போட்ட பெரிய மைக், கையில் பிடித்துப் பேசுவது. நான் உதட்டோடு ஒட்டிப் பிடிப்பேன். அப்படிப் பிடித்தால்தான் குரலில் கனம் வரும். என் குரல் மில் கோபுரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. அந்த மாதத்திலிருந்து தறிக்காரர்கள் மெல்ல மெல்லப் பின்னால் போய்விட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மற்றவர்கள் கைதட்டினால் இவர்களும் ஒரு மூச்சு பிந்தித் தட்டுவார்கள். கேட்டதற்கு ஆறுச்சாமி சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினான். எனக்கு வளர்ச்சி வந்ததும் அவர்களுக்குப் பொறாமை வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். ஆறுச்சாமி எனக்கு அடுத்த வீடு, மில் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில் ஒரே சுவர். அவன் வீட்டு ரசம் கொதித்தால் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவன்.

எண்பத்து நான்கில் வேலைநிறுத்தம். நாற்பது நாள் ஒருத்தன் உள்ளே போகவில்லை. கோர்ட்டில் போய்த் தடை வாங்கினார்கள். கேட்டுக்கு நூறு கஜத்துக்குள் நாங்கள் வரக்கூடாது. சுண்ணாம்பில் கோடு போட்டுப் போலீஸ் நின்றது. நான் சொன்னேன், காலைத் தடுப்பீர்கள், என் குரலை யார் தடுப்பது? கோட்டுக்கு இந்தப் பக்கம் மாட்டு வண்டியில் மைக் செட்டையும் பாட்டரியையும் கட்டினேன்.

நாற்பத்தோராவது நாள் காலையில் நிர்வாகம் ஒரு வேலை செய்தது. பின் கேட்டில், தறி ஷெட் ஆட்கள் போகிற வழியில், நோட்டீஸ் ஒட்டினார்கள். பேச்சுவார்த்தை முடிந்தது, கோரிக்கைகள் ஏற்கப்பட்டன, இன்று முதல் வேலை என்று. பச்சைப் பொய். எனக்கு ஆறு மணிக்குத் தெரிந்துவிட்டது. பிரஸ்ஸில் கரண்ட் இல்லை, பிரசுரம் அடிக்க முடியாது. மைக்கைப் பிடித்துக்கொண்டேன். ஊரே கேட்கிற மாதிரிச் சொன்னேன், நோட்டீஸ் பொய், யாரும் உள்ளே போகாதீர்கள் என்று. எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஆனால் வண்டிமேலிருந்து பார்த்தால், பின் கேட்டில் தறிக்காரர்கள் சோற்றுத் தூக்குப்போசியோடு கூட்டமாக நிற்கிறார்கள். நோட்டீஸைப் படிக்கிறார்கள். கையை ஆட்டிப் பேசிக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் முன்னால் ஆறுச்சாமி. நான் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்று தடவை. ஆறுச்சாமி, திரும்பு. ஆறுச்சாமி, போகாதே. ஆறுச்சாமி. நானூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் ஒரே ஒரு முறை என் பக்கம் பார்த்தான். பார்த்து, கையை உயரத் தூக்கி ஆட்டினான். சிரித்தான் என்றுகூடச் சொல்வேன். ஆட்டிவிட்டு உள்ளே போனான். அவன் பின்னாலேயே முப்பத்தொரு பேர். கேட்டைச் சாத்தினார்கள்.

மூன்று நாள் அவர்களை உள்ளேயே வைத்துச் சோறு போட்டார்கள். தறி ஓடுகிற சத்தம் வெளியே கேட்டது. ஸ்பின்னிங் ஆட்களுக்கு மனசு விட்டுப்போயிற்று. ஐந்தாம் நாள் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனோம்.

நான் அன்றைக்கே பிரசுரம் எழுதினேன். கருங்காலிகள் பட்டியல். முப்பத்திரண்டு பெயர், மில் டிக்கெட் நம்பரோடு. முதல் பெயர் அவனுடையது. வாயிலில் நின்று மைக்கில் வாசித்தேன். அதற்கப்புறம் அவனோடு யாரும் பேசவில்லை. பொதுக்குழாயில் அவன் சம்சாரம் நாச்சாத்தாள் குடம் வைத்தால் நகர்த்திக் கடைசிக்கு வைத்தார்கள். அவன் மகள் கல்யாணத்துக்கு லைன் வீட்டிலிருந்து ஒரு தலை போகவில்லை. நாச்சாத்தாள் செத்தபோது பாடை தூக்க வெளியூர் ஆள் வந்தார்கள். என் சம்சாரம் மட்டும் சுவர் வழியாகக் குழம்பு கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்ததும் அவளோடும் ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். ஒழுங்கு என்றால் ஒழுங்கு. ஒருமுறை ஆறுச்சாமி என் வாசலில் வந்து நின்றான். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றான். போய்விட்டான். ஒரு பதில்கூடச் சொல்லவில்லை. பதில் இருந்தால்தானே என்று நினைத்தேன்.

அந்தப் பட்டியலை யாரும் சுலபமாக அழித்துவிடக் கூடாது என்று சங்க விதியில் நானே ஒரு பிரிவு எழுதினேன். வாசிக்கப்பட்ட பெயரை நீக்க வேண்டுமானால், வாசித்தவரே எழுந்து நின்று, ஐந்து உறுப்பினர் சாட்சியாக, அந்தப் பெயரை மறுபடி வாசித்து நீக்க வேண்டும். நல்ல பிரிவு. ஓட்டை கிடையாது.

போன மாதம் சுடர்க்கொடி வந்தாள். இப்போதைய செயலாளர். அவளுக்கு அந்தப் பேரை வைத்ததே நான்தான், அவள் அப்பன் ஸ்பின்னிங்கில் இருந்தான். எங்கேயோ காது பரிசோதனை முகாம் நடந்ததாம், மிச்சமிருக்கிற தறி ஷெட் கிழவர்கள் பதின்மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனாளாம். பதின்மூன்று பேருக்கும் காது கேட்காது. இன்று நேற்று போனதில்லை, முப்பது வயசிலேயே போனது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். காகிதத்தை என் முன்னால் வைத்தாள்.

நான் படித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

"பட்டியல்ல இருக்கிற முப்பத்திரண்டு பேருமே தறி ஷெட்டுங்க தோழர். ஸ்பின்னிங்ல ஒருத்தர்கூட இல்லை. அது உங்களுக்கு அப்பவே தோணலீங்களா?" என்று கேட்டாள்.

தறிக்காரனுக்குப் பீஸ் ரேட், நெய்த அளவுக்குத்தான் கூலி, பீஸ் ரேட் ஆள் உறுதியாக நிற்க மாட்டான், இது பிரசுரத்திலேயே இருக்கிறது என்றேன். அவள் காகிதத்தை மடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், வேலைநிறுத்தத்தின் நாற்பதாவது ஆண்டுக்கு ஆறுச்சாமியைக் கூப்பிட்டிருக்கிறோம், ஆனால் பேரை எடுக்காமல் வாசல்படி மிதிக்க மாட்டேன் என்கிறார். லைன் வீடுகளை இடிக்கிறார்கள், அவர் ஓசூருக்கு மகன் வீட்டுக்குப் போகிறார், இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை. விதிப்படி நீங்கள்தான் வாசிக்க வேண்டும். நீங்கள் மாட்டேன் என்றால் அவர் கருங்காலியாகவே போவார்.

ஆக, என்னைக் கேட்காமல் கூப்பிட்டுவிட்டு, கடைசியில் என்னிடம்தான் வர வேண்டியிருந்தது. கவனித்தீர்களா?

டாக்டர் எழுதினால் ஆயிற்றா? எனக்கு நிரூபணம் வேண்டும். போன வியாழக்கிழமை நானே போனேன். சுவர் ஒட்டிய வீடு, நாற்பது வருஷத்துக்கு அப்புறம் அந்த வாசலில் கால் வைக்கிறேன். ஆறுச்சாமி முதுகைக் காட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். முதுகெலும்பு எண்ணலாம். நான் அவனுக்குப் பின்னால் இரண்டடியில் நின்று கூப்பிட்டேன். ஆறுச்சாமி. வெங்காயம் உரிக்கிறான். இன்னும் சத்தமாக. எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. மூன்றாவது தடவை, கூட்டத்தில் கூப்பிடுகிற குரலில். உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டு இன்னொன்றை எடுத்தான்.

என் நிழல் அவன் கைமேல் விழுந்தபிறகுதான் திரும்பினான்.

"வா மருதா. உக்காரு" என்றான். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி, கொஞ்சம் அதிகச் சத்தம்.

என் பேர் மருதாசலம். மருதா என்று கூப்பிட இப்போது அவன் ஒருத்தன்தான் மிச்சம்.

உட்கார்ந்தேன். நிஜமாகவே கேட்காதா என்றேன். உதட்டைப் பார்த்தான், பதில் சொன்னான். என் உதட்டைப் படிப்பது அவனுக்கு ரொம்பச் சுலபமாம். மில்லிலேயே என்னைப்போல் வாயைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தையும் அறுத்துப் பேசுகிற ஆள் கிடையாதாம். தறி ஷெட் முழுக்க அதற்காகத்தான் முன்னால் வந்து நின்றார்களாம். கூட்டத்தில் ஒரு வார்த்தை தவறவிட்டதில்லை என்றான். மைக் வந்ததும் என் வாய் மறைந்துபோயிற்றாம். கொஞ்ச நாள் கண்ணைப் பார்த்து, புருவத்தைப் பார்த்து ஊகித்துப் பார்த்தார்களாம். முடியவில்லை. முன்னால் நின்று முழிப்பதைவிடப் பின்னால் நின்று மற்றவர்களைப் பார்த்துக் கைதட்டுவது நல்லது என்று போய்விட்டார்களாம்.

எனக்கு அவர்கள் ஒரு கைஜாடை வைத்திருந்தார்களாம். அதையும் செய்து காட்டினான். முதலில் இரண்டு விரலால் உதட்டைத் தொடுவது. மைக் வந்தபிறகு அதை மாற்றி, மூடிய கையை வாய்க்கு முன்னால் வைப்பது. மைக் பிடித்தவன் என்று அர்த்தம். மரியாதையாகத்தான் வைத்திருப்பார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். காது போயிற்று என்று தெரிந்தால் டாக்டர் அன்ஃபிட் என்று எழுதுவான், மறுநாள் வேலை இல்லை, அதனால் பொண்டாட்டிமாருக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்தோம் என்றான். நிர்வாகத்துக்குத் தெரியக் கூடாது, சரி. எனக்கு? நான் சங்கம் இல்லையா? என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கலாமே?

அவன் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "உங்கிட்டச் சொன்னா, நீ அதை மைக்கில சொல்லியிருப்பே" என்றான்.

அது நியாயமான பேச்சா தம்பி? நான் அதைக் கோரிக்கையாக வைத்திருப்பேன். முதல் கோரிக்கையாகவே வைத்திருப்பேன். வாயிலில் நின்று சொல்லியிருப்பேன், தறி ஷெட் தோழர்கள் அத்தனை பேருக்கும் காது போய்விட்டது, இதற்கு யார் பொறுப்பு என்று. ஊரே அதிர்ந்திருக்கும்.

அப்புறம் அவன் கேட்டான், அன்றைக்குப் பின் கேட்டிலிருந்து நான் கையைத் தூக்கினேனே, பார்த்தாயா என்று. பார்த்தேன் என்றேன். எப்படி மறப்பேன்? நோட்டீஸில் கோரிக்கை எல்லாம் ஏற்றுக்கொண்டார்கள் என்று போட்டிருந்ததாம். திரும்பிப் பார்த்தால் நான் வண்டிமேல் நின்று மைக்கில் பேசிக்கொண்டிருந்தேனாம், கை எல்லாம் ஆடுகிறதாம், முகம் சிவந்திருக்கிறதாம்.

"ஜெயிச்சிட்டோம்னு நீ சொல்றீன்னு நெனச்சேன். அதுக்குத்தான் கையைத் தூக்குனேன்."

நான் ஒரு வெங்காயம் எடுத்து உரித்தேன். கண்ணில் தண்ணீர் வரவில்லை. வெங்காயத்துக்குக்கூட வரவில்லை. டீ போடட்டுமா என்றான். வேண்டாம் என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து விதிப்புத்தகத்தை எடுத்து அந்தப் பிரிவைப் படித்துப் பார்த்தேன். வாசித்தவர் தப்பாக வாசித்திருந்தால் என்ன செய்வது என்று ஒன்றும் எழுதவில்லை. அப்படி ஒரு நிலைமை வரும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

இன்று காலைதான் கூட்டம். நான் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். நிர்வாகத்தின் சூழ்ச்சி ஒரு பக்கம், கோர்ட்டின் அநீதி ஒரு பக்கம், பிரஸ்ஸில் கரண்ட் இல்லாதது, எல்லாம். ஒரு பெயரை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்தால் வரலாறு என்னாவது? ஐந்து சாட்சி உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் ஸ்பின்னிங் கிழவர்கள், மில் பள்ளிக்கூடத்து ரிடையர்டு வாத்தியார் ஒருத்தர், சுடர்க்கொடி. ஆறுச்சாமி வாசல்படிக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே வா என்று எல்லாரும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பேர் எடுத்த பிறகு என்றான். அவன் விதியை என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறான்.

மேஜையில் சுடர்க்கொடி மைக் வைத்திருந்தாள். ஏழு பேருக்கு மைக் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்குப் பிடிக்கும் என்று வைத்தாளாம். கை தானாகப் போயிற்று. எடுத்து, உதட்டோடு ஒட்டி, தோழர்களே என்று ஆரம்பித்தேன். நல்ல குரல் வந்தது தம்பி, பொய் சொல்லவில்லை. ஒரு பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கம் நடுவில் நிமிர்ந்து பார்த்தேன். கிழவர்களில் ஒருத்தர் தூங்கிவிட்டார். ஆறுச்சாமி என்னைப் பார்க்கவில்லை. சாட்சிகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொருத்தர் முகமாக. தன் பேர் வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று அவர்கள் முகத்தில் தேடுகிறான். வாத்தியார் எதற்கோ தலையாட்டினார். உடனே அவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். அப்புறம் மற்றவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

சுடர்க்கொடி என்னையே பார்த்தாள்.

நான் மைக்கை வைத்தேன். காகிதத்தையும் வைத்தேன். இரண்டரைப் பக்கம் பாக்கி. நல்ல பக்கங்கள். நடந்து வாசல்படி வரைக்கும் போனேன். விதிப்படி எழுந்து நின்றுதான் வாசிக்க வேண்டும், எங்கே நின்று என்று இல்லை. சாட்சிகளை வாசல் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். தூங்கினவரை எழுப்பினார்கள்.

அவன் என் வாயைப் பார்த்தான். அந்த ஸ்டூல் காலத்தில் பார்த்த மாதிரி. முன்னால் என்ன சேர்ப்பது, பின்னால் என்ன சேர்ப்பது என்று நாக்கு தேடியது. நான் விடவில்லை. சத்தம் வேண்டியதில்லை என்பது எனக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது. சாட்சிகளுக்குக் கேட்டால் போதும், அவனுக்குத் தெரிந்தால் போதும். வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக அறுத்து, வாசித்தேன்.

"ஆறுச்சாமி. தறி ஷெட். டிக்கெட் நம்பர் நானூற்றுப் பதினெட்டு."